ஜீப்புக்கு டிராக்டர் இன்ஜின் பொருந்துமா?

கேள்வி: முசிறியில் இருக்கிறோம். அப்பா காலத்து மஹிந்திரா பெட்ரோல் ஜீப் (சிஜே 3பி) ஒன்று சும்மா நிற்கிறது. பச்சமலையில் உள்ள உறவினர் தோட்டத்துக்கும், அங்கிருந்து ஆத்தூர் வரைக்கும் ஓட்ட வேண்டும். கைவசம் உள்ள பழைய டிராக்டர் இன்ஜினைப் பொருத்திவிடலாம் என்கிறார் ஒரு மெக்கானிக். செய்யலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. டிராக்டர் இன்ஜினுக்கு இழுவை உண்டு, ஓட்டம் கிடையாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஜீப்பின் கிரவுன் பினியன் 8-க்கு 43 பல். அதாவது இன்ஜின் 5.38 சுற்று சுற்றினால்தான், டாப் கியரில், சக்கரம் ஒரு சுற்று சுற்றும். டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.2 மீட்டர் உருளும். டிராக்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 2,100 சுற்றோடு நின்றுவிடும் என்று வைத்தால், மணிக்கு 52 கிலோமீட்டரைத் தாண்டாது. துறையூர் சாலையில் லாரிக்காரர் உங்கள் முதுகிலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வருவார்.

இன்னொன்று, டிராக்டருக்குச் சேசிஸ் கிடையாது. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்ததே அதன் எலும்புக்கூடு. அதைக் கழற்றி ஜீப் சேசிஸில் உட்கார வைக்க, மவுண்டிங் எல்லாம் புதிதாக அடிக்க வேண்டும். எடையும் முன் அச்சில் ஏறும்.

மஹிந்திரா தன் ஜீப்புகளுக்கே போட்ட டீசல் இன்ஜின்களில் ஒன்றைத் தேடுங்கள். 2,112 சிசி பியூஜோவும் உண்டு, 2,523 சிசி டிஐயும் உண்டு. என் ஓட்டு டிஐக்கு. அதிரும், சத்தம் போடும். ஆனால் பொலேரோ வண்டிகளில் ஓடிய இன்ஜின் என்பதால் உதிரிபாகம் கிடைக்கும். கம்ப்யூட்டர் வைத்த காமன் ரயில் இன்ஜின் மலையில் நின்றுபோனால், ஸ்பேனர் மட்டும் வைத்திருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்ஜினைவிட முக்கியம் கியர்பாக்ஸ். பழைய மூன்று கியர் பெட்டியில் முதல் கியர் 2.8. டிரான்ஸ்பர் கேஸின் 'லோ' 2.46. இரண்டையும் கிரவுன் பினியனோடு பெருக்கினால் 37 வரும். முதல் கியர் 4-க்குப் பக்கத்தில் உள்ள பெட்டி போட்டால் 53 ஆகும். இன்ஜின் 1,000 சுற்றில் இருக்கும்போது வண்டி மணிக்கு இரண்டரை கிலோமீட்டரில் ஊரும். மூட்டையோடு கல்பாதை ஏற இதுதான் வேண்டும். கிளட்ச் தீயாது.

சமவெளிக்கு ஐந்தாவது கியர் உதவும். அது 0.8 அளவில் இருந்தால், 70 கிலோமீட்டர் வேகத்தில் 2,850 சுற்று சுற்ற வேண்டிய இன்ஜின் 2,280-லேயே ஓடும். வேகம் வேண்டுமென்று கிரவுன் பினியனை மாற்றச் சொல்வார்கள். மாற்றினால் மலையில் அழுவீர்கள். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஜோடியாக வாங்குங்கள், பெல் ஹவுசிங் தொல்லை இராது. உங்கள் பின் அச்சின் உருண்டை நடுவில் இல்லை, வலப்பக்கம் தள்ளி இருக்கிறது. டிரான்ஸ்பர் கேஸின் பின் வாயும் அதே பக்கம் இருக்கிறதா என்று அளந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

தேனிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து. பெரும்பாலான டீசல் இன்ஜின்களில் காற்றை அடைக்கும் திராட்டில் இல்லை, அதனால் இறக்கத்தில் பெட்ரோல் அளவுக்கு இழுத்துப் பிடிக்காது. உங்கள் ஜீப்பில் பிரேக் பூஸ்டரும் இல்லை. பூஸ்டர் வைத்தால் டீசலுக்கு வேக்குவம் பம்ப் தனியாக வேண்டும். இந்தச் செலவை முதலிலேயே எடுத்து வையுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, பெட்ரோலை டீசலாக்க வேலை தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் வேலையே வேண்டாம். ஆர்.சி. புத்தகத்தில் ஒன்று, பானட்டுக்குள் ஒன்று என்றிருந்தால் விபத்து நேரத்தில் காப்பீட்டுக்காரர் கையை விரிப்பார்.

பழைய இன்ஜின் பார்க்கப் போகும்போது, முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.