பேர் எழுதின அட்டைக்கு 120 வெள்ளியா?

வெளியூர் ஏர்போர்ட்ல இறங்கி ஹோட்டலுக்குப் போறதுக்கு முன்கூட்டியே தனிக் கார் புக் பண்றவங்களைப் பத்தி நம்ம மக்கள்கிட்ட ரெண்டே அபிப்பிராயம்தான் இருக்கு. ஒண்ணு, பணத்திமிர் பிடிச்சவன். இன்னொண்ணு, ஏமாளி. ஆபீஸ்ல ஆணி புடுங்கற நேரம் போக மிச்ச நேரத்துல இதைப் பத்திப் பெரிய கும்மியே நடந்துச்சு. நான் மூணாவது கட்சி. அதான் இந்தப் பதிவு.

விஷயம் இதுதான். அப்பா, அம்மாவைக் கோலாலம்பூருக்கு அனுப்பி வெச்சேன். ரெண்டு பேருக்கும் முதல் வெளிநாட்டுப் பயணம். 2023 டிசம்பர்ல இருந்து நம்ம பாஸ்போர்ட்டுக்கு மலேசியாவுல விசா வேண்டாம்னு ஆனதுக்கு அப்புறம் எங்க தெருவுலயே நாலு குடும்பம் போயிட்டு வந்தாச்சு. அம்மாவுக்குப் பத்துமலை முருகனைப் பார்க்கணும். 272 படி. முழங்கால் வலி வேற. "படி ஏறலைன்னாலும் பரவாயில்ல, கீழ நின்னு அந்தச் சிலையைப் பார்த்துட்டு வந்துடறேன்"னு சொல்லிட்டாங்க. சிலையே 140 அடி, கீழ நின்னுதான் பார்த்தாகணும். சரின்னு திருச்சியில இருந்து டிக்கெட் போட்டேன். எனக்கு லீவு கிடைக்கல. அவங்க மட்டும்தான் போனாங்க.

இப்ப ஏர்போர்ட்டுக்கு வருவோம். கோலாலம்பூர் ஏர்போர்ட்னு பேர்தான். அது இருக்கறது செப்பாங்ல. ஊருக்குள்ள கே.எல். சென்ட்ரல் வரைக்கும் ரயில் பாதையிலேயே 57 கிலோமீட்டர். 1998-ல திறந்தது. பட்ஜெட் விமானங்களுக்குன்னு 2014-ல திறந்ததுதான் இப்போ டெர்மினல் 2. ரெண்டு டெர்மினலுக்கும் நடுவுல நடந்து போற தூரம் கிடையாது, ரயில் ஏறணும்.

ஊருக்குள்ள போக என்னென்ன வழி இருக்கு? எக்ஸ்பிரஸ் ரயில் இருக்கு. அருமையான வண்டி. டெர்மினல் 2-ல இருந்து 33 நிமிஷம், எங்கயும் நிக்காம (சரி, டெர்மினல் 1-ல ஒரு தடவை நிக்கும்) நேரா கே.எல். சென்ட்ரல். ஆனா ஆளுக்கு 55 ரிங்கிட். ரெண்டு பேருக்கு 110. அங்க இறங்கி பெட்டியை இழுத்துக்கிட்டு இன்னொரு வண்டி பிடிக்கணும். பஸ் இருக்கு, ரொம்ப மலிவு. கவுன்ட்டர்ல கூப்பன் வாங்கிட்டு டாக்ஸி ஏறலாம். நள்ளிரவுல இருந்து காலை 6 மணி வரைக்கும் டாக்ஸிக்குப் பாதிக் கட்டணம் கூட. இல்லன்னா போன்ல ஆப் திறந்து கார் கூப்பிடலாம். நான் தனியா போனா கண்ணை மூடிக்கிட்டு ஆப்தான். ஒரு முதுகுப்பை, ஒரு சிம் கார்டு, வேலை முடிஞ்சுது.

நிற்க. இந்த எல்லா வழியிலயும் ஒரு பொதுவான சங்கதி இருக்கு கவனிச்சீங்களா? காத்திருக்க வேண்டியது பயணி. ரயிலுக்கு நாம காத்திருக்கணும், கூப்பன் வரிசையில நாம நிக்கணும், ஆப்ல வர்ற கார் எந்தக் கதவுகிட்ட வருதுன்னு நாமதான் தேடி ஓடணும். முன்கூட்டியே புக் பண்ணின கார்ல மட்டும்தான் காத்திருக்கறது டிரைவர். அந்த 120 ரிங்கிட்ல கார் ஓடற செலவு எல்லா வழியிலயும் ஏறக்குறைய ஒண்ணுதான். மிச்சம் நாம வாங்கறது, நமக்குப் பதிலா நிக்கறதுக்கு இன்னொரு ஆளோட ரெண்டு கால். இருபத்தெட்டு வயசுல எனக்கு என் கால் போதும். முழங்கால் தேய்ஞ்ச அம்மாவுக்கும், ரோமிங்னா என்னன்னே தெரியாத அப்பாவுக்கும் போதாது. இதுல பணத்திமிர் எங்கய்யா வந்துச்சு?

அப்பா ஒத்துக்கவே இல்ல. "பேரை அட்டையில எழுதிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறதெல்லாம் மந்திரிக்குச் செய்யறது. திருச்சி ஜங்ஷன்ல நான் பார்க்காத ஆட்டோக்காரனா? பேரம் பேசிக்கறேன்"னார். அவர் பேரம் பேசறதுல மன்னன், மறுக்கல. ஆனா வெளிய வர்ற இடத்துல "டாக்ஸி, டாக்ஸி"ன்னு பக்கத்துல வந்து காதுல சொல்றவங்க இருக்காங்களே, அவங்ககிட்டதான் நான் பயந்தேன். அந்த மாதிரி அனுமதி இல்லாத வண்டிக்கு அங்க 'கெரேத்தா சாப்பு'ன்னு பேரு. சாப்புன்னா மலாய்ல பெருக்கறது. ஆளைப் பெருக்கி அள்ளிக்கிட்டுப் போற வண்டி. என்னா பேரு பாருங்க! ஆப் வண்டி ஓட்டறவங்களுக்கே 2019-ல இருந்து பயணிகள் வாகன லைசென்ஸ் கட்டாயம். இதுல ஏறினா விபத்துன்னு ஒண்ணு ஆச்சுன்னா யார்கிட்ட போய் நிக்கறது?

இதுவரைக்கும் தனிக் காருக்கு வக்காலத்து. இனிமே திட்டு.

இந்த புக்கிங் தளங்களைச் செஞ்ச பொட்டி தட்டற சகோதரர்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா? விமான எண் கேக்கற கட்டத்துக்குப் பக்கத்துல "விருப்பமிருந்தால்"னு போட்டு வெச்சிருக்கீங்களே, அது என்ன கல்யாணப் பத்திரிகையா, விருப்பமிருந்தா வர்றதுக்கு? அந்த ஒரு கட்டத்தை நிரப்பினா எந்த டெர்மினல், எத்தனை மணிக்கு இறங்குது, எவ்வளவு லேட்னு எல்லாமே தானா தெரிஞ்சுடும். ஒரு சிவப்பு நட்சத்திரம் போட்டுக் கட்டாயமாக்க அஞ்சு நிமிஷ வேலை. என்கூட வேலை பார்க்கற ஒருத்தர் குடும்பத்தோட போனப்ப இதாலதான் மாட்டினார். அவர் பேர் தெரியாத ஒரு தளத்துல, இருக்கறதுலயே மலிவானதைப் பார்த்து புக் பண்ணியிருந்தார். அதுல "கோலாலம்பூர் ஏர்போர்ட்"னு ஒரே ஒரு வரி, டெர்மினல் கேக்கவே இல்ல. டிரைவர் ஒண்ணாவது டெர்மினல்ல நிக்கறார். இவர் குழந்தையும் குட்டியுமா ரெண்டாவதுல. முக்கால் மணி நேரம் போன்ல "எங்க இருக்கீங்க", "நீங்க எங்க இருக்கீங்க". கடைசியில "பயணி வரவில்லை"ன்னு எழுதி முழுப் பணத்தையும் எடுத்துக்கிட்டாங்க. அவர் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிட்டார், ஒரு பைசா திரும்பி வரல.

அடுத்தது தேதி. நம்ம ஊர்ல இருந்து போற விமானங்கள்ல நிறைய ராத்திரி வண்டிதான். பன்னிரண்டரை மணிக்குக் கிளம்பற விமானத்தை நம்ம வீட்டுல எல்லாரும் "சனிக்கிழமை ராத்திரி"ம்பாங்க. டிக்கெட்ல ஞாயித்துக்கிழமை. பதினொன்றரை மணிக்குக் கிளம்பினா டிக்கெட்ல சனிக்கிழமை, ஆனா இறங்கறது ஞாயிறு விடியக்காலை. நாலு மணி நேரம் பறக்கணும், மேல ரெண்டரை மணி நேரம் கடிகாரத்தைத் தள்ளி வைக்கணும். கார் புக் பண்ற கட்டத்துல போட வேண்டியது இறங்கற ஊரோட தேதியும் மணியும். எத்தனை பேர் கிளம்பற தேதியைப் போட்டு, முந்தின நாள் காலையில ஒரு டிரைவர் வெட்டியா வந்து நின்னுட்டுப் போயிருப்பாரோ! அனுப்பறவங்க ஒரு தடவை காலண்டரைப் பக்கத்துல வெச்சுப் பாத்துடுங்க.

மூணாவது, "இலவசக் காத்திருப்பு 60 நிமிடம்". இது எப்ப இருந்து ஓடுதுன்னு சின்ன எழுத்துல போட்டிருப்பாங்க, படிங்க. பெரும்பாலும் விமானம் தரையைத் தொட்ட நிமிஷத்துல இருந்து. டெர்மினல் 2-ல சில விமானங்கள் நிக்கற இடத்துல இருந்து ஆகாயப் பாலம் ஏறி இறங்கி, நடந்து, இமிக்ரேஷன் வரிசையில நின்னு, பெட்டி எடுத்து வெளிய வரணும். நாலு விமானம் ஒண்ணா இறங்கின காலைன்னா ஒரு மணி நேரம் எப்படிப் போச்சுன்னே தெரியாது. அதுக்கு மேல ஒவ்வொரு கால் மணிக்கும் காசு. அதனால 90 நிமிஷம் குடுக்கறவங்க பத்து ரிங்கிட் கூடக் கேட்டாலும் அவங்ககிட்டயே போங்க. பெட்டி எத்தனைன்னும் சரியா சொல்லிடுங்க. நாலு பேர் ஏறற கார்ல நாலு பேரோட பெட்டி ஏறாது. அது அங்க போய்தான் தெரியும்.

சரி, என் கதைக்கு வர்றேன். விமானம் முக்கால் மணி நேரம் லேட். நான் இங்க காலையில நாலரை மணிக்கு முழிச்சுக்கிட்டு மேப்புல அந்தக் குட்டி விமானத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன். டிரைவர் எண் முந்தின நாளே வந்திருந்ததால வாட்ஸ்அப்ல லேட்டுன்னு சொல்லிட்டேன். பதில் தமிழ்ல வந்துச்சு, அதுவும் குரல் செய்தியா. "ஒண்ணும் கவலைப்படாதீங்க தம்பி, நான் காடிய ஓரமா போட்டுட்டு உள்ள வந்து நிக்கிறேன்." அங்க காரைக் காடிம்பாங்க. ரிங்கிட்டை வெள்ளிம்பாங்க. தமிழ் டிரைவரே வேணும்னு நான் கேக்கல, அப்படி அமைஞ்சுது.

அப்பா வெளிய வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி "ஐயா, பசியாறியாச்சா?" காலைச் சாப்பாடு ஆச்சான்னு அங்க கேக்கற விதம் அது. மந்திரிக்குத்தான் அட்டை பிடிப்பாங்கன்னு சொன்ன மனுஷன் அந்த அட்டையைக் கேட்டு வாங்கி, அதைப் பிடிச்சுக்கிட்டு ஒரு போட்டோ எடுத்து குடும்ப குரூப்ல போட்டார். இனிஷியல் தப்புன்னு கீழ ஒரு குறிப்பு வேற.

அன்னிக்கு மதியம் டிரைவர் அண்ணன்கிட்ட நன்றி சொல்லக் கூப்பிட்டேன். பேச்சுவாக்குல ஒண்ணு சொன்னார். நான் கட்டின 120 வெள்ளியில அவர் கைக்கு வந்தது 80. டோலும் பெட்ரோலும் அதுலதான். விமானம் லேட்டான அந்த முக்கால் மணி நேரத்துக்கு அவருக்கு ஒண்ணும் கிடையாது. தளத்துல பெருசா "இலவசக் காத்திருப்பு"ன்னு போடறாங்களே, அதை இலவசமா குடுக்கறது தளம் இல்லீங்க, அவர். எனக்கு உறுத்திச்சு. இன்னொருத்தர் கால் வாங்கறோம்னு மேல பெருசா எழுதினேனே, அந்தக் காலுக்கு உரிய காசு அந்தக் காலுக்குப் போகலை. 40 வெள்ளி எடுத்துக்கற கம்பெனி, காத்திருப்புக்குப் பத்து வெள்ளியாவது அவருக்குக் குடுத்தா என்ன? "நாங்க ஒரு தொழில்நுட்ப மேடை மட்டுமே"ன்னு அவங்க சொல்ற பதில் எனக்குத் தெரியும். நானும் அதே குட்டையில ஊறின மட்டைதான். மேடை போட்டவனுக்குத்தான் முதல் காசுன்னு எந்த ஊர் நியாயம்?

அதுக்காக நேரா டிரைவர்கிட்டயே புக் பண்ணிடலாமேன்னு கேப்பீங்க. ரெண்டாவது தடவை போறவங்க தாராளமா செய்யலாம், லைசென்ஸ் இருக்கான்னு கேட்டுட்டு. நானும் திரும்பி வர்ற பயணத்துக்கு அவர்கிட்டயே நேரா பேசினேன். 100 வெள்ளி. அவருக்கு 20 லாபம், எனக்கு 20 லாபம். ஆனா முதல் தடவை, முன்பின் தெரியாத ஆளோட எண்ணை எங்க இருந்தோ எடுத்து அதை நம்பி வயசானவங்களை அனுப்பறதை நான் செய்ய மாட்டேன். அவருக்குக் காய்ச்சல்னா மாத்து வண்டி அனுப்ப ஆள் வேணும். கம்பெனி எடுக்கற காசுக்கு நான் ஒத்துக்கற ஒரே நியாயம் அதுதான்.

இன்னொண்ணு, யாரும் சொல்லாதது. கார் சரியான நேரத்துக்கு வந்துடும், ரூம் வராது. ராத்திரி விமானத்துல போனா காலையில எட்டரைக்கெல்லாம் ஹோட்டல் வாசல்ல இருப்பீங்க. செக்-இன் மதியம் ரெண்டோ மூணோ. தூக்கமில்லாம, குளிக்காம, அஞ்சாறு மணி நேரம் லாபியில உக்காந்தா அம்மாவுக்குக் கால் வீங்கிடும். அதனால முன்னாடியே ஹோட்டலுக்குப் பேசி, பாதி நாள் காசு கட்டி, பத்து மணிக்கு ரூம் குடுக்கச் சொல்லிட்டேன். நடுவுல ப்ரிக்ஃபீல்ட்ஸ்ல தோசை சாப்பிட்டாங்களாம். சாம்பார் இனிப்பா இருந்துச்சுன்னு அப்பாவோட விமர்சனம். கார் செலவைப் பத்தி மூணு நாள் சண்டை போட்டவர், ரூமுக்குக் கூடக் கட்டினதைப் பத்தி வாயே திறக்கல. தூக்கம் வந்திருக்கும்.

இளவட்டங்களா நாலு பேர் சேர்ந்து போறீங்களா? இதெல்லாம் வேண்டாம். ஆப்ல ஒரு பெரிய கார் கூப்பிடுங்க, போதும். புதுசா கல்யாணம் ஆனவங்க, கைக்குழந்தையோட போறவங்க, நீங்க வீட்டுல பேசி முடிவு பண்ணிக்குங்க. அதுல நான் தலையிட விரும்பல :-)

டிஸ்கி: மலேசியா போறவங்க விசா வேண்டாம்னு அப்படியே கிளம்பிடாதீங்க. 2024 ஜனவரியில இருந்து வருகை அட்டைன்னு ஒண்ணை இணையத்துல நிரப்பணும், இறங்கறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள. அது முழுக்க இலவசம். தேடினா காசு கேக்கற தளங்களும் வந்து நிக்கும், அங்க அட்டை விவரம் குடுத்துடாதீங்க. அதுலயும் தங்கற ஹோட்டல் முகவரி கேப்பாங்க. ஒரே பேர்ல ரெண்டு மூணு கிளை இருக்கற ஹோட்டல்னா தெருப் பேரோட எழுதி வெச்சுக்குங்க, கார்க்காரருக்கும் அதையே குடுக்கலாம்.