ராம்மோகனர் துயிலும் தோட்டம்

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துக் குன்றின் சரிவொன்றில் ஆர்னோஸ் வேல் என்னும் மயானத் தோட்டம் உளது. பரப்பு 45 ஏக்கர். கிரேக்கப் பாணிக் கட்டிடங்களுக்கும் ஓங்கிய மரங்களுக்கும் நடுவே நம் நாட்டுச் சிற்ப முறையில் ஒரு கல் மண்டபம் நிற்கின்றது. அதனடியில் துயில்பவர் ராஜா ராம்மோகன் ராய். மண்டபத்தின் படத்தை நம்மவர் பலர் கண்டிருப்பர். அது நிற்கும் நிலம் பிழைத்த வரலாற்றை அறிந்தோர் சிலரே.

முற்காலத்தில் ஐரோப்பிய நகரத்தார் மாதாகோவில் முற்றங்களிலேயே பிரேதங்களைப் புதைத்து வந்தனர். ஜனத்தொகை பெருகவே முற்றங்கள் நிரம்பின. துர்நாற்றமும் நோயச்சமும் சகிக்கவொண்ணாதவையாயின. ஊர்ப்புறத்தே தோட்டமாகவே மயானம் அமைக்கும் வழியை 1804-ல் பாரிஸ் காட்டிற்று. பிரிஸ்டலில் 1837-ல் பார்லிமெண்டு சட்டத்தின் வாயிலாக ஒரு கம்பெனி ஏற்பட்டது; 1839-ல் ஆர்னோஸ் வேல் திறக்கப்பட்டது. திருச்சபையாருக்கு ஓர் ஆலயமும் அதனின்று பிரிந்தோருக்கு வேறோர் ஆலயமும் எழுந்தன.

ராம்மோகனர் மொகலாய சக்கரவர்த்தி இரண்டாம் அக்பரின் தூதராக இங்கிலாந்து சென்றவர். உடன்கட்டை ஏறுதலைத் தடுத்த 1829-ஆம் வருஷத்துச் சட்டத்தின் மீதான அப்பீல் 1832-ல் பிரிவி கௌன்ஸிலில் தள்ளுபடியாயிற்று. அவ்வெற்றியைக் கண்ட மறுவருஷம், செப்டம்பர் 27-ல், பிரிஸ்டலை அடுத்த ஸ்டேபிள்டனில் அவர் காலமானார். தகனம் செய்யும் வழக்கம் அந்நாளில் அங்கில்லை. கிறிஸ்தவ இடுகாட்டில் புதைத்தால் தம் மக்களின் வார்சுரிமைக்கு ஊறு நேருமென்று அவர் கருதியிருந்தமையால், தங்கியிருந்த மாளிகையின் தோட்டத்திலேயே அடக்கம் நடந்தது. 1843-ல் துவாரகநாத் டாகூர் அவருடலை ஆர்னோஸ் வேலுக்கு மாற்றுவித்து, வில்லியம் பிரின்ஸெப் வரைந்த மண்டபத்தை எழுப்பினார். அத்தோட்டத்திலேயே 1928-ல் தகனசாலை ஏற்பட்டது காலத்தின் விசித்திரம்.

இனி விஷயத்துக்கு வருவோம். குழி விற்று லாபம் காண்பது கம்பெனியின் முறை. நிலம் நிரம்ப நிரம்ப வருமானம் சுருங்கும். காக்கும் செலவோ ஒருநாளும் ஓயாது. ஆகவே தோட்டம் புதர்க்காடாயிற்று. 1980-களில், அதன் ஒரு பகுதியைக் கட்டிட மனையாக்கும் எண்ணம் தனியுடைமையாளர் தரப்பிலிருந்து வெளிப்பட்டது. நகர மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 1998-ல் வாயிற்கதவு அடைபட்டபோதும் அவர்கள் சோரவில்லை; தொண்டர்கள் முன்வந்து வாயிலைத் திறந்து காவல் புரிந்தனர். 2003-ல் நகரசபை அதனைக் கட்டாயமாகக் கையகப்படுத்திற்று. இன்று ஒரு தர்மஸ்தாபனம் அதனைப் பரிபாலித்து வருகின்றது.

“சொந்தக்காரன் தன் நிலத்தை விற்றால் குற்றமென்ன?” என்று கேட்போர் உளர். சட்ட நுணுக்கம் எவ்வாறாயினும் நியாயம் தெளிவானது. பொதுக் காரியத்துக்காகப் பார்லிமெண்டின் அதிகாரம் பெற்றுக் கம்பெனி பிறந்தது. அழியாத ஓய்விடம் கிடைக்குமென்று நம்பியே மக்கள் பணம் செலுத்தினர். அத்தகைய நிலத்தை உடையவன் தர்மகர்த்தாவேயன்றி எஜமானன் அல்லன்.

நமது தேசத்திலும் பெரியோர் சமாதிகள் பல உள. ஆண்டுக்கொருமுறை மாலை சூட்டிப் பிரசங்கம் புரிந்து கலைகின்றோம். நிலத்தின் பத்திரம் யார் பெயரில் இருக்கின்றது, விளக்கேற்றவும் புல் களையவும் ஆண்டுதோறும் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்போர் எத்தனை பேர்? இவ்விரு கேள்விக்கும் விடையில்லாத சமாதி, ஒரு தலைமுறை கழிந்தால் வெறும் மனைக்கட்டு.

பிரிஸ்டல் மக்கள் தம் முன்னோரைக் காத்தபோது நம் முன்னோர் ஒருவரையும் காத்தனர். அதற்கு நன்றி கூறுவது எளிது. நம் ஊர்ச் சமாதிகளின் கணக்கையும் பத்திரத்தையும் இவ்வருஷமே எடுத்துப் பார்ப்பதுதான் தக்க கைம்மாறு.