முதலுக்கு எங்கே போவது?

'ஒண்ணுமில்லாம வந்தான், உலகத்தையே ஜெயிச்சான்' என்று கல்லூரி கல்லூரியாக ஒரு கதை சொல்கிறார்கள். அந்தக் கதைக்குக் கிடைத்த நாயகன் கிரீஷ் மாத்ருபூதம். திருச்சிக்காரர். சோகோ நிறுவனத்தில் துணைத் தலைவர் பதவிவரை உயர்ந்தவர். 2010இல் வேலையை உதறிவிட்டுச் சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க் கம்பெனியைத் தொடங்கினார். 2011இல் ஆக்செல் என்ற முதலீட்டு நிறுவனம் பத்து லட்சம் டாலர் கொடுத்தது. 2021 செப்டம்பரில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரோடு அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறி, 100 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. நம்ம கணக்கில் 7,500 கோடி ரூபாய்க்கு மேல். பங்கு வைத்திருந்த ஊழியர்களில் 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர் ஆனார்கள்.

அவருடைய உழைப்பை நாம் மறுக்கவில்லை. ஊழியருக்குப் பங்கு கொடுத்ததையும் பாராட்டலாம். நம்ம கேள்வி வேற. வேலையை உதறணும்னா, உதறுகிற மாதிரி ஒரு வேலை முதலில் வேணுமே! துணைத் தலைவருக்குத் தொழில் தெரியும்; கூடவே கிளம்பி வர ஆட்கள் உண்டு; பணம் போடுகிறவன் கதவைத் திறப்பான். சேரியிலிருந்து முதல் தலைமுறையாக இன்ஜினீயரிங் படித்து, கல்விக் கடனையும் சுமக்கிற பிள்ளைக்கு ஒரு மாசச் சம்பளம் நின்றால் வீட்டில் உலை வைக்க முடியாது. அவனைப் பார்த்துத்தான் 'உனக்குத் துணிச்சல் போதாது' என்று உபதேசம் பண்ணுகிறார்கள்!

முதல் என்றால் நம்ம மக்களுக்கு நிலம்தான். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை குறித்து அறிக்கை எழுதினார். 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமருக்கு ஒதுக்கிய நிலத்தைப் பத்து வருஷம் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் பஞ்சமருக்கே விற்கணும் என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருக்கிறது; நிலம் யார் யார் கையிலோ இருக்கிறது. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்கு என்ன கிடைத்தது? 1994 அக்டோபர் 10, செங்கல்பட்டு. போலீஸ் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு தோழர்களைப் பலிகொடுத்தோம்.

இன்று மாமல்லபுரம் போகிற பழைய சாலையில் சிறுசேரி வரைக்கும் கண்ணாடிக் கட்டடங்கள். ஏக்கர் கோடிக்கணக்கில் போகிறது. அந்த நிலம் நம்ம கையில் நின்றிருந்தால், அடமானம் வைத்து நம்ம பிள்ளையும் கம்பெனி தொடங்கியிருப்பான்.

சரி, கம்பெனி வேண்டாம், வேலையாவது? தனியார் துறையில் இடஒதுக்கீடு கிடையாது. எத்தனை தலித் இன்ஜினீயர்கள் என்று கேட்டால், 'நாங்க சாதி பார்க்கிறதில்லை' என்பான். பார்க்காதவன் கணக்கை வெளியிட என்ன தயக்கம்?

பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்குத் தமிழக அரசு 2022இல் 30 கோடி ரூபாய் நிதி அறிவித்தது. அடுத்த ஆண்டு 50 கோடி ஆக்கியது. வரவேற்கிறோம். ஆனால் ஒரே ஒரு கம்பெனி சந்தையில் திரட்டியது 7,500 கோடி. தமிழ்நாட்டுத் தலித், பழங்குடி மக்கள் அத்தனை பேருக்கும் 50 கோடி!

மாணவத் தோழர்களே, அடுத்த முறை உங்கள் கல்லூரிக்கு வெற்றிக் கதை சொல்ல வருகிறவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். உங்க கம்பெனியில் எங்க ஆட்கள் எத்தனை பேர்? தனியார் துறை இடஒதுக்கீட்டை ஆதரிக்கிறீர்களா? கட்டடம் நிற்கிற நிலத்தின் பழைய பத்திரத்தைப் பார்த்தீர்களா?

பதில் வரும்வரை கை தட்ட வேண்டாம்.