மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிகிறது!

காருக்குப் பெரிய வேலை பார்த்தாகிவிட்டது. என்ஜினைப் பிரித்தார்கள். ஹெட் கேஸ்கட் மாற்றினார்கள். டைமிங் செயினும் புதிதாகப் போட்டார்கள். பில் கட்ட, வீட்டில் இருந்த நகை அடகுக் கடைக்குப் போயிற்று. கார் வீட்டுக்கு வந்தது. மறுநாள் பார்த்தால், ஸ்டியரிங்குக்கு எதிரே மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிகிறது!

சொந்த டாக்சி ஓட்டிப் பிழைப்பவருக்கு இது பேரிடி. வண்டி நின்றால் வீட்டில் அடுப்பும் நின்றுவிடும்.

மறுபடியும் ஒர்க்ஷாப். ஸ்கேனர் என்ற கருவியைச் செருகிப் பார்க்கிறார்கள். "பி 0016" என்று ஓர் எண் வருகிறது. "சென்சார் போய்விட்டது" என்று புதிது போடுகிறார்கள். எண்ணை அழிக்கிறார்கள். விளக்கு அணைகிறது. இரண்டே நாளில் அதே விளக்கு, அதே எண்! இன்னொரு சென்சார் மாற்றுகிறார்கள். அப்போதும் அதே கதை. "அப்படியானால் கம்ப்யூட்டரே போய்விட்டது" என்கிறார்கள்.

இத்தனை பணத்தைக் கொட்ட வேண்டுமா? வேண்டியதே இல்லை!

இந்த எண்தான் என்ன? காருக்குள் ஒரு சிறு கம்ப்யூட்டர் இருக்கிறது. என்ஜின் சரியாக ஓடுகிறதா, கெட்ட புகை கக்குகிறதா என்று அது ஓயாமல் கவனிக்கிறது. தவறு கண்டால் ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டு விளக்கை ஏற்றுகிறது. அமெரிக்காவில் 1996 முதல் புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரியான எண்கள் வந்தன. இந்தியாவில் 2010-க்குப் பிறகு இந்த ஏற்பாடு படிப்படியாக வந்தது.

"இன்ன சாமான் கெட்டுவிட்டது" என்று அந்த எண் சொல்வதில்லை. "இன்ன இடத்தில் கணக்கு ஒத்துவரவில்லை" என்று மட்டுமே சொல்கிறது. காய்ச்சல் எவ்வளவு என்று தெர்மாமீட்டர் காட்டும். எதனால் காய்ச்சல் என்று காட்டுமா?

பி 0016 என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளலாம். என்ஜினின் அடியில் கிராங்க் ஷாப்ட் சுற்றுகிறது. மேலே கேம் ஷாப்ட் சுற்றுகிறது. கீழே இரண்டு சுற்று என்றால் மேலே ஒரு சுற்று. இந்தக் கணக்கு பிசகக் கூடாது. பிசகினால் வால்வுகள் நேரம் தவறித் திறக்கும். இரண்டையும் சேர்த்து இழுப்பதுதான் டைமிங் செயின். மேலே ஒரு சென்சார், கீழே ஒரு சென்சார் காவல் நிற்கின்றன. இரண்டும் சொல்லும் சேதி ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்றால் இந்த எண் வரும்.

செயினை மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டினாலே போதும். ஒரே ஒரு பல்! சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. உண்மை சொன்ன சாட்சியை விரட்டிவிட்டு வேறு சாட்சியைக் கூப்பிட்டால், அவரும் அதையேதான் சொல்வார்!

ஒரு பல் தள்ளினாலும் என்ஜின் ஓடத்தான் செய்யும். ஆனால் இழுவை குறையும். பெட்ரோல் அதிகம் குடிக்கும். இன்னும் தள்ளினால், பல என்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதிவிடும். வால்வு வளைந்துவிடும். பார்த்த வேலை அத்தனையும் பாழ்!

இதைக் கண்டுபிடிக்க மூடியைக் கழற்றி, என்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். கம்பெனி போட்ட அடையாளங்கள் மறுபடியும் நேருக்கு நேர் வந்து நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அடையாளம் சரியாக இருந்தால், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், ஆயில் பிரஷர், சென்சார் ஒயர் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரின் முறை கடைசியில்தான்.

பெரிய வேலைக்குப் பின் புதிதாக வந்த எண் எதுவானாலும், முதலில் கை பட்ட இடத்தைத்தான் பார்க்க வேண்டும். "பி 0171" என்றால், பெட்ரோலுக்கு மேல் காற்று அதிகம் என்று பொருள். மாட்ட மறந்த ஒரு ரப்பர் குழாய் இதற்குக் காரணமாக இருக்கலாம்! பழைய எண்ணா, புதிய எண்ணா என்று தெரிய, வேலைக்கு முன்பே எண்களைக் குறித்து வைப்பது அவசியம். அவசரப்பட்டு அழித்தால், கோளாறு வந்த நேரத்தில் என்ஜின் இருந்த நிலையைக் காட்டும் குறிப்பும் அழிந்து போகும்.

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. "சும்மா பார்த்ததற்குக் கூலியா?" என்று சண்டை பிடிப்பவர்கள், பல ஆயிரம் ரூபாய்ச் சாமானுக்கு வாய் திறக்காமல் பணம் கொடுக்கிறார்கள். பார்த்துச் சொல்வதுதான் பெரிய வேலை. அதற்குத் தனிக் கூலி கொடுப்பதே லாபம். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும் தயங்க வேண்டாம்.

விளக்கு அணைந்ததும் வெற்றி என்று நினைத்துவிடக் கூடாது. எண்ணை அழித்த பிறகு, கம்ப்யூட்டர் தன் சோதனைகளை முடிக்கப் பல தடவை ஓட வேண்டும். சில கோளாறுகளை அடுத்தடுத்து இரண்டு ஓட்டத்தில் கண்டால்தான் அது விளக்கை ஏற்றும். ஆகவே சில நாள் ஓட்டிப் பார்த்து, மறுபடியும் ஸ்கேனர் போட்டபின் கணக்குத் தீர்க்கலாம். நடுவில் விளக்கு விட்டு விட்டு மின்னினால் மட்டும் ஓட்டக் கூடாது. ஓரமாக நிறுத்தி, ஒர்க்ஷாப்புக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதுதான்.