பட்டம் யாருக்கு? பாடு யாருக்கு?

மார்கழி மாதம் பிறந்தால் சென்னைப் பட்டணத்துச் சங்கீத சபைகளுக்குப் பட்டம் வழங்கும் ஜுரம் கண்டுவிடுகிறது. பாடுகிறவருக்கு ஒரு பட்டம், ஆடுகிறவருக்கு ஒரு பட்டம், பக்கவாத்தியம் வாசிப்பவருக்கு ஒரு பட்டம் என்று தொடங்கி, கடைசியில் பணம் கொடுத்தவருக்கும் ‘கலை வள்ளல்’, ‘கலைப் புரவலர்’ என்று ஒரு பெயரும் ஒரு சால்வையும் கிடைத்துவிடுகின்றன. சென்னையில் நடக்கும் இந்த வைபவத்தைப்பற்றி, சங்கரன்கோவிலுக்குப் பக்கத்துக் கரிவலம்வந்தநல்லூரில் இருக்கும் நமக்கு என்ன கவலை என்று சில தோழர்கள் கேட்கலாம். கவலை உண்டு. அந்தப் பட்டம் எவருக்குப் போகிறது என்பதைவிட, எவருக்குப் போவதே இல்லை என்று பாருங்கள். போகாதவர் நம் தெருவில்தான் இருக்கிறார்.

முதலில் நடந்த சேதியைச் சொல்லுகிறோம். சென்னை மியூசிக் அகாடமி கொடுக்கும் ‘சங்கீத கலாநிதி’ என்பதுதான் கர்நாடக சங்கீத உலகத்தில் பெரிய பட்டமாம். 2024-ம் வருஷத்துக்கு அதை டி.எம். கிருஷ்ணாவுக்குக் கொடுப்பதாக அந்த வருஷம் மார்ச் மாதத்தில் அறிவித்தார்கள். உடனே சில வித்துவான்கள் அகாடமியின் கச்சேரிகளில் பாடமாட்டோம் என்றார்கள். ஏற்கனவே அப்பட்டம் பெற்ற ஒருவர் அதைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். கிருஷ்ணாவுக்குச் சுருதி சேரவில்லை, தாளம் தப்பினார் என்றா சொன்னார்கள்? இல்லை. அவர்கள் சொன்ன குற்றங்களில் முக்கியமான ஒன்று, அவர் பெரியாரைப் புகழ்ந்தார் என்பது. வைக்கம் போராட்டத்தின் நூற்றாண்டையொட்டி, பெருமாள்முருகன் எழுதிய பெரியாரைப்பற்றிய பாட்டை 2023-ல் அவர் பாடியிருந்தார். வைக்கத்தில் என்ன நடந்தது? தெருவில் நடக்கும் உரிமை மனிதனுக்கு வேண்டும் என்று 1924-ல் போராட்டம் நடந்தது. அதற்காகச் சிறை சென்றவரைப் பாடியது சங்கீதத்துக்குத் தோஷமாகிவிட்டதாம்!

அதோடும் நிற்கவில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரால் ஒரு பத்திரிகை நிறுவனம் கொடுக்கும் பரிசும் இப்பட்டத்துடன் சேர்ந்து வருவது. அது கோர்ட்டுக்குப் போயிற்று. ஹைக்கோர்ட்டில் முதலில் தடை, பிறகு அத்தடை ரத்து. கடைசியில் 2024 டிசம்பர் 16-ல் சுப்ரீம் கோர்ட்டு, அந்தப் பெயரால் பரிசு பெற்றவர் என்று அவரைச் சொல்லக்கூடாதென இடைக்கால உத்தரவு போட்டது. ஒரு பாட்டுக்காரருக்கு ஒரு சபை மரியாதை செய்ய, நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றம் வரையில் போகவேண்டியிருந்தது என்றால், பட்டம் என்பது வித்தைக்குக் கொடுக்கும் மதிப்பு மாத்திரந்தானா என்று யோசித்துப் பாருங்கள்.

நிற்க, “திறமைக்குத்தானே பட்டம் கொடுக்கிறோம், ஜாதி எங்கே வந்தது?” என்று சபைக்காரர்கள் கேட்பார்கள். அவர்கள் கணக்கையே எடுத்துப் பார்ப்போம். இப்பட்டம் 1943 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போது திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை உயிரோடு இருந்தார். நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்று நாடே அழைத்தது. 1947-ல் சுதந்திரத் திருநாளில் டில்லியில் வாசித்தவர் அவர். 1955-ல் சங்கீத நாடக அகாடமியின் விருதும் பெற்றார். 1956 டிசம்பரில் இறந்துபோனார். பட்டம் பிறந்து அவர் இறக்கும்வரை ஏறக்குறைய 14 மார்கழிகள் வந்துபோயின. ஒரு மார்கழியிலாவது ‘சங்கீத கலாநிதி’ அவர் வீட்டு வாசலுக்கு வரவில்லையே, அது ஏன்? அவர் தோடியில் குறையா? அல்லது சட்டை போட்டுக்கொண்டு, மேடையில் சமமாக உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று சொன்னாரே, அதில் குறையா?

தவிலுக்கு வருவோம். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்றவர்கள் வாசித்த வாத்தியம் அது. வலையப்பட்டி சுப்பிரமணியத்துக்கு அப்பட்டம் கிடைத்தது 2009-ல். பட்டம் ஏற்பட்டு 66 வருஷம் கழித்து! பெண்கள் விஷயம் என்ன? எம்.எஸ். சுப்புலட்சுமிதான் முதல் பெண். அவருக்குக் கிடைத்தது 1968-ல். பாலசரஸ்வதிக்கு 1973-ல். எந்தக் குலத்துப் பெண்களின் தொண்டையிலும் காலிலும் இக்கலை நூற்றாண்டுகளாக உயிரோடு இருந்ததோ, அந்தக் குலத்துப் பெண்ணுக்கு மரியாதை செய்ய 25 வருஷம் யோசித்தார்கள். கொடுக்காமலே இருந்துவிடவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒருவருக்கு வாலிபத்தில் வருவதும் இன்னொருவருக்கு வராமலே போவதும் திறமையின் தராசுதானா?

இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிப் பாருங்கள். மிருதங்கம் என்பது என்ன? பலாமரக் கட்டை, பசுந்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் வார். அந்தத் தோலைப் பார்த்து வாங்கி, பதம் செய்து, வெட்டி, இழுத்துக் கட்டி, நாதம் பேசவைக்கிறவர்களில் பலர் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவக் குடும்பத்தார். பாலக்காடு மணி அய்யருக்கு மிருதங்கம் செய்து கொடுத்தவர் தஞ்சாவூர் பர்லாந்து. மணி அய்யருக்கு 1966-ல் கலாநிதிப் பட்டம் வந்தது, வரவேண்டியதுதான். பர்லாந்துக்கு என்ன வந்தது? இக்குடும்பங்களின் கதையை ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று கிருஷ்ணா ஒரு புஸ்தகமாக எழுதினார். 2020-ல் அதன் வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்திருந்த மண்டபத்தைச் சென்னைக் கலாக்ஷேத்திரம் திரும்பப் பெற்றுக்கொண்டது. பசுத்தோலின் சப்தம் பூஜை மேடையில் ஏறலாம். அத்தோலைப் பதம் செய்த கையின் கதை மாத்திரம் மண்டபத்தில் ஏறக்கூடாது! இதற்குப் பெயர் கலையா, தீட்டா?

இனி ‘கலை வள்ளல்’கள் சமாச்சாரம். நம் பக்கத்து எட்டயபுரம் ஜமீன் சங்கீதத்தை வளர்த்தது என்று புகழ்வார்கள். முத்துசாமி தீட்சிதர் 1835-ல் இறந்தது அங்கேதான். சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ 1904-ல் அச்சானதும் அங்கேதான். புஸ்தகம் நல்ல புஸ்தகம், மறுக்கவில்லை. ஆனால் அச்சுக்கூலி யார் பணம்? கரிசல் காட்டில் பருத்தியும் கம்பும் விளைவித்துக் குடியானவன் கட்டிய தீர்வை அது. கொடுத்தவன் வெயிலில் நின்றான், வாங்கிக் கொடுத்தவர் வள்ளலானார். 1948-ம் வருஷத்துச் சட்டத்தால் ஜமீன் ஒழிந்தது. அந்தப் பழக்கம் ஒழிந்ததா? கம்பெனி விளம்பரச் செலவைச் சாமான் விலையில் சேர்த்து நம்மிடமே வசூலித்து, அதில் ஒரு துளியைச் சபைக்குக் கொடுத்து, முதல் வரிசை நாற்காலியும் ‘புரவலர்’ பெயரும் வாங்கிக்கொள்கிறார்கள். நம் ஊர்த் திருவிழாவில் பத்து ரூபாய் வரி கொடுத்த கூலிக்காரனை எவராவது ‘கலைப் புரவலர்’ என்று அழைத்ததுண்டா?

சர்க்கார் விருதுகளை எடுத்துக்கொண்டால், சபைகளைவிடக் கதவு கொஞ்சம் அகலமாகத் திறந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வில்லுப்பாட்டுக்காரர் சுப்பு ஆறுமுகத்துக்கு 2021-லும், பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-லும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஜில்லாக் கலை மன்றங்களும் வயதுக்குத் தக்கபடி கலை இளமணி, வளர்மணி, சுடர்மணி, நன்மணி, முதுமணி என்று கொடுக்கின்றன. நல்லதே. ஆனால் விருதுச் சீட்டைக் கூரையில் செருகிவைத்தால் மழை ஒழுகாமல் இருக்குமா? மேலும் பட்டங்களை அரசியல் சட்டத்தின் 18-வது பிரிவு ஒழித்திருக்கிறது. பத்ம விருதுகளைப் பெயருக்கு முன்னும் பின்னும் போட்டுக்கொள்ளக்கூடாதென்று 1995-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. இருந்தும் நம் கல்யாணப் பத்திரிகைகளில் பெயரைவிடப் பட்டம் நீளமாயிருக்கிறது. 1929-ல் செங்கற்பட்டு மாநாட்டில் ஜாதி வாலை வெட்டச் சொன்னோம். வால் போன இடத்தில் கொம்பு முளைத்தால் என்ன லாபம்?

ஆகவே தோழர்களே! நம் ஊருக்கு வாருங்கள். ஆவணித் தவசு வருகிறது. சப்பரத்துக்கு முன்னால் மேளக்காரர் நடந்துகொண்டே வாசிக்கிறார். சாமிக்கு வாகனம் உண்டு, சாமியைச் சுமப்பவனுக்கும் ஊதுபவனுக்கும் கால்தான் வாகனம். சாவு வீட்டில் பறையடிப்பவர் பந்தலுக்கு வெளியே நிற்கிறார். பாட்டனாரின் வயதுடையவரை ஒரு பொடியன் “ஏலே, அடில” என்கிறான். கூலியைக் கேட்டால் காரியம் முடியட்டும் என்கிறார்கள். காரியம் முடிந்தால் நாளைக்கு வா என்கிறார்கள். இவர்தான் கலைஞர். இவருக்குச் செய்யாத மரியாதையைச் சென்னையில் தங்கப் பதக்கமாய்ச் செய்து என்ன பயன்?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில், நாதஸ்வர வித்துவான் சிவக்கொழுந்து தோளில் போட்டிருந்த துண்டை எடுக்கச் சொன்னபோது, “எடுக்காதே, வாசி!” என்று பக்கத்தில் நின்றார் பட்டுக்கோட்டை அழகிரி. அந்தத் துண்டைவிட உயர்ந்த பொன்னாடை எந்தச் சபையிலும் நெய்யப்படவில்லை.

நாம் செய்யவேண்டியது கஷ்டமான காரியமல்ல. நம் வீட்டு விசேஷத்தில் வாசிப்பவருக்கு நாற்காலி போடுங்கள். கூலியை முன்கூட்டிப் பேசி, அன்றிரவே கையில் கொடுங்கள். பந்தியில் நம்மோடு உட்காரவையுங்கள். பெயரைச் சொல்லி, “வாங்க, போங்க” என்று பேசுங்கள். ஜாதியின் காரணமாகப் பறையடிக்கவேண்டும் என்று எவரையும் கூப்பிடாதீர்கள்; கலையை விரும்பி வருபவரை மாத்திரம் கூப்பிடுங்கள். அவர் மகன் பள்ளிக்கூடம் போகவேண்டுமென்றால் மேளத்தைக் கீழே வைக்கவும் அவருக்கு உரிமை உண்டு. விருது கொடுப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: வாத்தியம் செய்தவர் பெயர் உங்கள் பட்டியலில் எங்கே? வயதான கலைஞருக்கு மாதச் சோறு எங்கே?

இந்த இரண்டுக்கும் பதில் சொல்லாத எந்தப் பட்டமும் காகிதப் பட்டந்தான். மனிதனுக்கு மரியாதை கொடுக்கத் தெரியாதவன் கலைக்கு மரியாதை செய்கிறேன் என்பது சுத்த வேஷமேயாகும்.