கடற்கரை மணலும் அந்நிய முதலும்

கன்னியாகுமரி ஜில்லாவிலுள்ள மணவாளக்குறிச்சிக் கரையில் கடலலை ஒதுக்கும் கரு மணலைப் பற்றி நாம் எழுதப் புகுவது கண்டு நேயர்களில் சிலர் வியப்படையக் கூடும். வாஷிங்டனிலும் டோக்கியோவிலும் மந்திரிகள் கூடி ஆலோசிக்கும் சர்வதேச விஷயத்துக்கும் இந்த மணலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் கேட்கலாம். சம்பந்தம் மிக நெருங்கியது. அந்த மணலில் மோனசைட் என்னும் தாது கலந்திருக்கிறது. அத்தாதுவிலிருந்து நியோடிமியம் முதலான, ‘அரிய மண்’ என்று ரசாயன சாஸ்திரிகள் வழங்கும் உலோகங்கள் கிடைக்கின்றன. மின்சார மோட்டார் வண்டிக்கும், காற்றாலைக்கும், ஏவுகணைக்கும் இன்றியமையாத காந்தங்கள் இவற்றைக் கொண்டே செய்யப்படுகின்றன. அளவில் சிறிதெனினும், இவை இல்லாவிடில் பெரிய தொழிற்சாலைகளும் முடங்கிவிடும்.

இவ்வுலோகங்களில் சீன தேசத்தின் ஆதிக்கம் எத்தகையது என்பதைச் சில எண்களே காட்டும். 2024ம் வருஷத்தில் உலக முழுவதும் வெட்டியெடுக்கப்பட்ட சுமார் 3,90,000 டன்னில் 2,70,000 டன் சீனாவினுடையது. சுத்தி செய்யும் தொழிலிலோ, பத்தில் ஒன்பது பங்கு அதன் கையில் இருக்கிறது. 2010ம் வருஷத்தில் ஒரு மீன்பிடி படகைப் பற்றிய தகராறில் ஜப்பானுக்கு இச்சரக்கு வருவது நின்றது. 2025 ஏப்ரலில் ஏழு உலோகங்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டபோது, பல தேசத்து மோட்டார் தொழிற்சாலைகள் காந்தமின்றித் தத்தளித்தன. மின்சார வண்டிகள் செய்யும் ஆலைகள் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் சென்னையைச் சுற்றிலும் பெருகியிருக்கும் தமிழ்நாட்டுக்கு இது தூரதேசச் செய்தியன்று.

ஒருவன் கையில் எல்லோருடைய குடுமியும் சிக்கியிருப்பது நன்றன்று என்பதை உணர்ந்த ராஜ்யங்கள் இப்போது கூட்டு முயற்சிகளில் இறங்கியிருக்கின்றன. 2022ல் அமெரிக்கா முதலிய தேசங்கள் கனிமப் பாதுகாப்புக் கூட்டணி ஒன்றை நிறுவின. 2023 ஜூனில் இந்தியா அதில் சேர்ந்தது. 2025 ஜூலையில் இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகிய நான்கும் இதே நோக்கத்துடன் தனியே ஒரு திட்டத்தை அறிவித்தன. இம்முயற்சிகளை நாம் எதிர்க்கவில்லை. அந்நிய முதல் என்ற பெயரைக் கேட்டமாத்திரத்தில் கதவைச் சாத்துவது புத்திசாலித்தனமன்று. ஆனால் வருகிறவர் எந்த ஷரத்தின்மீது வருகிறார் என்று கேளாமல் கதவைத் திறப்பது அதனினும் பெரிய பேதைமை. இக்கேள்வியைக் கேட்கும் உரிமை மற்றெந்தப் பிரதேசத்தாரைக் காட்டிலும் குமரிக் கரையாருக்கு அதிகம் உண்டு. அவர்கள் ஒரு முறை பட்டுத் தெரிந்தவர்கள்.

1909ம் வருஷத்தில், திருவிதாங்கூர் சமஸ்தானத்திலிருந்து சென்ற தென்னங்கயிற்றுச் சரக்கில் ஒட்டிக்கொண்டிருந்த மணலைக் கண்டு, ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய ரசாயன சாஸ்திரி மணவாளக்குறிச்சியைத் தேடி வந்தார். அக்காலத்தில் காஸ் விளக்கின் மேண்டிலுக்குத் தோரியம் வேண்டியிருந்தது. அது மோனசைட்டிலிருந்து கிடைத்தது. 1914ல் மகா யுத்தம் மூண்டதும் வியாபாரம் ஜெர்மானியர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. கை மாறிற்றேயன்றி முறை மாறவில்லை. மணல் கப்பலேறிற்று; வித்தையும் லாபமும் அக்கரையிலேயே தங்கின. மணலை வாரிய கூலியாளுக்கு அன்றைய கூலியைத் தவிர வேறெதுவும் மிஞ்சவில்லை.

சுதந்திரம் வந்தபின், 1950ல் இந்திய அருமண் கம்பெனி ஸ்தாபிக்கப்பட்டது. 1952ல் ஆலுவாயில் அதன் ஆலை இயங்கத் தொடங்கியது. தாதுவை நாமே பதப்படுத்த வேண்டும் என்ற அந்த ஆரம்பம் போற்றத் தக்கதே. ஆனால் இத்தனை வருஷங்களில் நாம் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறோம்? இந்தியாவில் 1 கோடியே 31 லட்சம் டன் மோனசைட் இருப்பதாகவும், அதில் சுமார் 72 லட்சம் டன் அரிய மண் ஆக்ஸைடு அடங்கியிருப்பதாகவும் சர்க்காரே கணக்குக் கூறுகிறது. 2024ல் நாம் உற்பத்தி செய்ததோ சுமார் 2,900 டன். உலக உற்பத்தியில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. காந்தத்தை வெளியிலிருந்து வாங்குகிறோம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பது இதுதான்.

வெண்ணெயை உருக்குவதில்தான் விஷயமெல்லாம் இருக்கிறது. இவ்வுலோகங்கள் குணத்தில் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், நூற்றுக்கணக்கான படிகளில் திராவகங்களில் மாற்றி மாற்றித்தான் பிரிக்க முடியும். பின்னர் உலோகமாக்கி, கலவை சேர்த்து, பொடி செய்து, அழுத்திச் சுட்டெடுத்தால் காந்தம் ஆகும். ஒவ்வொரு படியிலும் மதிப்பு ஏறுகிறது. கடைசிப் படியை வைத்திருப்பவனே எஜமானன். ஜப்பானுடன் 2012ல் நாம் செய்துகொண்ட ஒப்பந்தம் நட்புக்கு உதவியது. எனினும் அதன் வழியே கடைசிப் படி நம்மிடம் வந்து சேரவில்லை. 2025 ஜூனில், நமக்கே தேவைப்படுகிறது என்று அந்த ஏற்றுமதியை நிறுத்துமாறு சர்க்கார் பணித்ததாகச் செய்தி வெளியாயிற்று. இந்த ஞானோதயம் முன்னரே வந்திருக்கலாகாதா?

முதலாளி தேசங்களும் இதில் ஏமாந்ததுண்டு. சக்தி வாய்ந்த இக்காந்தத்தைக் கண்டுபிடித்த பெருமையில் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவில் இதைச் செய்துவந்த மேக்னிகுவென்ச் கம்பெனி 1995ல் சீனர்கள் பங்குகொண்ட ஒரு கூட்டத்தாருக்கு விற்கப்பட்டது. சில வருஷங்களில் தொழிலே சீனாவுக்குப் பெயர்ந்தது. இந்தோனேசியாவோ வேறு வழியில் சென்றது. 2020ல் நிக்கல் தாதுவை அப்படியே ஏற்றுமதி செய்வதைத் தடுத்தது. ஐரோப்பியர் உலக வர்த்தக ஸ்தாபனத்தில் வழக்காடியும் அது பின்வாங்கவில்லை. ஆலைகள் வந்தன, வேலையும் வந்தது. ஆயினும் அவ்வாலைகளில் பெரும்பங்கு சீன முதலுக்குச் சொந்தமாயிற்று. நிலக்கரிப் புகையும் கழிவும் அத்தீவுகளின் ஜனங்களுக்குச் சொந்தமாயின. தாதுவைத் தடுத்து நிறுத்தினால் மட்டும் போதாது. உடைமையும் வித்தையும் யாரிடம் சேருகின்றன என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

‘இவ்வளவு ஷரத்து விதித்தால் முதல் போடுவார் யார்?’ என்று ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் முற்றிலும் பொருளற்றதன்று. சீனா விலையைத் தாழ்த்தினால் புது ஆலை நஷ்டமடையும். இதையறிந்தே அமெரிக்க சர்க்கார் 2025 ஜூலையில் தன் சுரங்கக் கம்பெனி ஒன்றில் 40 கோடி டாலர் பங்கு எடுத்து, கிலோவுக்கு 110 டாலர் குறைந்தபட்ச விலையென்று உறுதி கூறிற்று. தாராள வர்த்தகத்தை உலகுக்கு உபதேசித்த தேசமே இவ்வாறு செய்யும்போது, நாம் செய்வதில் கூச்சம் என்ன? 2025 நவம்பரில் வருஷத்துக்கு 6,000 டன் காந்தம் செய்வதற்காக நமது சர்க்கார் 7,280 கோடி ரூபாய் ஒதுக்க இசைந்ததை நாம் வரவேற்கிறோம். இந்தத் தொகையால் அந்நியர் ஆலைக்கு இங்கே கூரை மட்டும் போடப்படுமானால் அது வீண். நமது இளைஞர் அந்த வித்தையைக் கற்றுத் தாமே நடத்தும் நிலை வருமானால் அதுவே லாபம்.

இனி, மணலுக்கு மேல் வாழும் ஜனங்களைப் பற்றிய பேச்சு. கிள்ளியூர் தாலூகாவில் 1,144 ஹெக்டேர் பரப்பில் மணல் எடுக்கும் யோசனைக்கு மீன்பிடித்து வாழும் ஜனங்கள் கடும் எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறார்கள். கரை கரைந்து போகும் என்றும், தாதுவின் கதிர்வீச்சால் நோய் வரும் என்றும் அவர்கள் அஞ்சுகிறார்கள். அச்சம் எவ்வளவு நியாயம் என்பதைச் சாஸ்திரிகள் அவர்கள் முன்னிலையில் வந்து சொல்ல வேண்டும். 2024ல் மதுரைக்கருகே அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்தை ஊராரைக் கேளாமல் ஏலம் விட்டார்கள், ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. இந்த அனுபவத்துக்குப் பிறகும், 2025 செப்டம்பரில் இத்தகைய கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுஜனக் கருத்துக் கேட்கும் கூட்டமே வேண்டாமென்று மத்திய சர்க்கார் விலக்களித்ததை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். தேசப் பாதுகாப்பு என்னும் சொல், குடிகளின் வாயை மூடும் துணியாகலாகாது.

நாமும் பிற நாட்டில் முதல் போடுகிறோம். 2024ல் அர்ஜெண்டினாவின் கடமார்கா மாகாணத்தில் லிதியம் தேடுவதற்கு இந்தியாவின் சர்க்கார் கம்பெனி ஒன்று ஐந்து வட்டாரங்களைப் பெற்றிருக்கிறது. நமது கரைக்கு எந்த நியாயத்தைக் கோருகிறோமோ, அதே நியாயத்தை அங்குள்ள குடிகளுக்கும் நாம் வழங்கக் கடமைப்பட்டவர்கள். இல்லையேல் நமது கோரிக்கைக்கு மதிப்பிராது.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. தாது நிலையில் எதுவும் கப்பலேறக் கூடாது. அந்நியருடன் செய்யும் எந்த ஒப்பந்தத்திலும் பிரித்தெடுக்கும் வித்தை முதல் காந்தம் வரையில் நமக்குக் கற்றுத்தரும் ஷரத்தும் அதற்குக் காலவரையறையும் இருக்க வேண்டும். கரையோர ஜனங்களைக் கேட்டு, லாபத்தில் அவர்களுக்குச் சட்டபூர்வமான பங்கு வைத்த பின்னரே மண்வெட்டி மணலில் இறங்க வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் அதன் ஷரத்துகளைப் பார்லிமெண்டின் முன் வைக்குமாறு, கட்சி வேறுபாடின்றித் தமிழ்நாட்டு அங்கத்தினர் அனைவரும் வற்புறுத்துவார்களாக. நூறு வருஷத்துக்கு முன் மணலை வாரி அனுப்பியபோது கேட்க நமக்கு வாயில்லை. இன்று வாயிருந்தும் கேளாதிருந்தால், பழியை எந்த அந்நியன்மீதும் சுமத்த முடியாது.