கண்முன் நிறுக்காத நிறைக்குக் காசா?

அனுப்பியவரின் கண்முன் நிறுக்காத நிறைக்கு, அவரைக் கேட்காமலே அவருடைய கடனட்டையிலிருந்து காசு எடுக்கும் வழக்கத்தைக் கியூபெக் அரசு தடைசெய்ய வேண்டும். பொதி போய்ச் சேர்ந்து இரண்டு மூன்று கிழமை கழித்து, கூரியர் கணக்கில் 'நிறைத் திருத்தம்' என்று ஒரு வரி வருகிறது. பதினெட்டு டொலர், சில வேளை முப்பது. ஏன் என்று கேட்டால், இயந்திரம் அப்படித்தான் அளந்தது என்கிறார்கள். அளந்ததைக் காட்டச் சொன்னால் பதில் வருவது அரிது.

மொன்றியலில் இதைப் பேசக் காரணம் இருக்கிறது. பார்க் எக்ஸ்டென்ஷனிலும் கோட்-டே-நேஜிலும் வீட்டில் இருந்தபடி சட்டை தைத்து ரொறன்ரோவுக்கு அனுப்பும் பெண்கள், ஜோன்-தலோன் வீதியில் சிறு கடை வைத்திருப்பவர்கள், வேறு நகரங்களில் படிக்கும் பிள்ளைகளுக்கு மிளகாய்த்தூளும் கம்பளி உடுப்பும் அனுப்பும் பெற்றோர் எல்லோரும் இன்று கூரியரை நம்பியிருக்கிறார்கள். கனடா தபால் சேவை 2024 நவம்பர் 15 முதல் ஒரு மாதத்துக்கும் மேல் முடங்கியது. 2025 செப்டம்பரில் மறுபடியும் வேலைநிறுத்தம். அப்போது தனியார் கூரியருக்கு மாறிய சிறு வியாபாரிகளில் பலர் திரும்பிப் போகவில்லை. நாற்பது டொலர் சட்டைக்குப் பின்னால் பதினெட்டு டொலர் திருத்தம் வந்தால், அந்தத் தையலில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

கூரியர்காரர் இடத்துக்கும் காசு கேட்பதில் பிழை இல்லை. தலையணை நிரப்பிய பெட்டி நிறையில்லாதது. ஆனால் விமானத்தில் இடத்தை அடைக்கிறது. அதனால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி, வரும் எண்ணைப் பெரும்பாலான கூரியர் நிறுவனங்கள் 5000 ஆல் வகுக்கின்றன. விடை கன அளவு நிறை. அதற்கும் உண்மையான நிறைக்கும் எது கூடவோ அதற்குக் கட்டணம். விமானச் சரக்கில் வழக்கமாக வகுப்பது 6000 ஆல். அந்த வழக்கத்தை வகுத்த சர்வதேச வான் போக்குவரத்துச் சங்கத்தின் தலைமையகம் இருப்பது இதே மொன்றியலில்தான்.

45, 40, 35 சென்ரிமீற்றர் உள்ள பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 5000 ஆல் வகுத்தால் 12.6 கிலோ. உள்ளே சேலைகளை அடுக்கி நாடா ஒட்டும்போது பக்கங்கள் கொஞ்சம் புடைக்கும். ஒவ்வொரு பக்கமும் இரண்டே சென்ரிமீற்றர் கூடினால் அதே பெட்டி 14.6 கிலோ ஆகிவிடுகிறது. தராசில் வைத்தால் அது ஏழு கிலோவாகவே இருக்கலாம். கிடங்கில் பொதிகள் ஓடும் பட்டிக்கு மேலே இருக்கும் கமராவும் லேசரும் பெட்டியின் ஆகக் கூடிய புள்ளிகளைத்தான் எடுக்கும். புடைப்பும், பிரிந்து நிற்கும் நாடாவும், வழியில் நசுங்கியதும் அதில் சேரும். கூரியர் கையில் நசுங்கிய பெட்டிக்கு அனுப்பியவர் கட்ட வேண்டுமா? இன்றைய நடைமுறையில் கட்டுகிறார். போக்கும் கடுமையாகிக்கொண்டே போகிறது: 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் பெடெக்ஸும் யூபிஎஸ்ஸும் அங்குலத்தின் எந்தப் பின்னத்தையும் அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்திக் கணக்கிடத் தொடங்கின.

இப்படி ஒரு சென்ரிமீற்றருக்குக் காசு வாங்குபவர், அந்தச் சென்ரிமீற்றரைக் காட்டவும் கடமைப்பட்டவர். மரக்கறிக் கடையில் தராசின் எண் வாங்குபவர் கண்ணுக்கும் தெரிகிறது. இங்கே தராசு எங்கேயோ ஒரு கிடங்கில். திருத்தம் தெரியவரும்போது பெட்டி பிரிக்கப்பட்டு, பெற்றவரின் குப்பைத் தொட்டிக்கும் போயிருக்கும். எதிர்த்துக் கேட்பவரிடம், அனுப்பும்போது அளந்த படம் எங்கே என்று கேட்கிறார்கள். ஆதாரத்தைத் தன் கையில் வைத்திருப்பவர் ஆதாரம் இல்லாதவரிடம் ஆதாரம் கேட்கிறார். அதற்கும் நாட்கணக்கில் கெடு.

சர்வதேச வான் போக்குவரத்துக்கான மொன்றியல் உடன்படிக்கை 1999 மே 28 அன்று இந்த நகரில் கையெழுத்தானது. அதன் பதினோராம் உறுப்பின்படி, வான்வழிச் சீட்டில் எழுதிய நிறையும் அளவுகளும் மறுத்து நிரூபிக்கப்படும்வரை ஆதாரமாகக் கொள்ளப்படும். கனவளவு பற்றி எழுதியதைக் கொண்டு காவிச் செல்லும் நிறுவனத்தை மடக்க வேண்டுமானால், அது அனுப்பியவரின் முன்னிலையில் சரிபார்க்கப்பட்டு, அப்படிச் சரிபார்த்ததாகச் சீட்டில் குறிக்கப்பட்டும் இருக்க வேண்டும். ரொறன்ரோவுக்கு வீதிவழியே போகும் பொதிக்கு இந்த உடன்படிக்கை பொருந்தாது. ஆனாலும் அதற்குள் இருக்கும் நியாயத்தைக் கவனியுங்கள். நிறுவனத்துக்கு எதிராகக் கனவளவைக் காட்ட, இருவரும் பார்த்திருக்க வேண்டும் என்கிறது உலகச் சட்டம். அனுப்பியவருக்கு எதிராகக் காட்டும்போது மட்டும் நிறுவனம் தனியே பார்த்தால் போதும் என்பது எப்படி?

கியூபெக்கின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதில் பாதி வழி ஏற்கெனவே வந்துவிட்டது. ஒப்பந்தத்தில் தொகை துல்லியமாகக் குறிக்கப்படாத எந்தச் செலவையும் நுகர்வோரிடம் கேட்க முடியாது என்கிறது அதன் 12 ஆம் பிரிவு. கடனட்டையில் வெளிநாட்டுப் பண மாற்றுக் கட்டணத்தைச் சொல்லாமல் எடுத்த வங்கிகள், தாங்கள் மத்திய அரசின் கீழ் வருபவர்கள், மாகாணச் சட்டம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்று வாதாடின. 2014 செப்டம்பரில் மார்கொட் வழக்கில் கனடாவின் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கட்டணத்தை மறைத்த வங்கிகள் அதைத் திருப்பிக் கொடுப்பதோடு, ஆளுக்கு 25 டொலர் தண்டனை இழப்பீடும் செலுத்த வேண்டியதாயிற்று. வீதப் பட்டியல் ஒப்பந்தத்தில் இருக்கிறதே என்று கூரியர் நிறுவனங்கள் சொல்லும். பட்டியல் இருக்கிறது, அதில் எந்த வரிசை எனக்குப் பொருந்தும் என்பதை நான் பார்க்காத இயந்திரம் பிறகு தீர்மானிக்கிறது. அதைத் துல்லியம் என்று நாம் ஏற்கவில்லை.

குறை இருப்பது வியாபாரிகள் விடயத்தில். தன் தொழிலுக்காகப் பொதி அனுப்பும் வியாபாரி அந்தச் சட்டத்தின் பார்வையில் நுகர்வோர் அல்ல. வீட்டிலிருந்து தைத்து விற்பவருக்கும் இதே கதிதான். அவருக்கு மிஞ்சுவது கியூபெக் குடியியல் சட்டக்கோவை. ஒரு தரப்பு எழுதிவைத்து மறுதரப்பு பேரம் பேச முடியாமல் ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தங்களில், விளங்காத வாசகங்களும் அநியாயமான வாசகங்களும் செல்லாமற்போகலாம் என்று 1436, 1437 ஆம் உறுப்புகள் சொல்கின்றன. பத்துப் பேருக்கு மேற்படாத ஊழியர் கொண்ட நிறுவனம் 15,000 டொலர் வரையான கோரிக்கையோடு சிறு கோரிக்கை மன்றுக்குச் சட்டத்தரணி இல்லாமலே போகலாம். நல்ல வழிதான், ஆனால் பதினெட்டு டொலருக்காக யார் ஒரு நாள் வேலையை விட்டு மன்றுக்குப் போவார்? அந்தக் கணக்கு கூரியர் நிறுவனங்களுக்கும் தெரியும். ஆகவே தனித்தனி வழக்குகளை நம்பியிருக்காமல், சட்டத்தையே மாற்ற வேண்டும்.

அனுப்புபவர்கள் சிலர் வேண்டுமென்றே நிறையைக் குறைத்து எழுதுகிறார்கள் என்பது நிறுவனங்களின் முறைப்பாடு. உண்மை, எழுதுகிறார்கள், அவர்களிடம் வாங்கட்டும். இயந்திரம் எப்படியும் அளக்கிறது, பல இடங்களில் படமும் எடுக்கிறது. அந்தப் படத்தையும், மூன்று அளவுகளையும், அளந்த நாளையும் திருத்தக் கணக்கோடு இணைத்து அனுப்ப அவர்களுக்குப் புதுச் செலவு அதிகமில்லை. படம் இல்லாத திருத்தம் செல்லாது என்று சட்டம் சொல்லட்டும். அனுப்பியவர் எதிர்த்துக் கேட்டால், தீர்வு வரும்வரை அட்டையில் கை வைக்கக் கூடாது. வீட்டுத் தொழில் செய்பவருக்கும் சிறு கடைக்கும் இந்தப் பாதுகாப்பு எட்ட வேண்டும்.

அதுவரை நம்மவர் பெட்டியை ஒட்டி முடித்ததும் அளவு நாடாவோடும் தராசோடும் படம் எடுத்து வைக்க வேண்டும். பொதியை ஒப்படைக்கும் இடத்தில் நிறுத்து ரசீது கேட்க வேண்டும். திருத்தம் வந்தால் தொலைபேசியில் மட்டும் பேசாமல் எழுத்தில் மறுக்க வேண்டும். வர்த்தகத்தில் பயன்படும் அளவுக் கருவிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பு 'மெஷர்மென்ட் கனடா'. பொதி அளக்கும் இயந்திரங்களும் அதன் அங்கீகாரத்துக்கு உட்பட்டவை, பிழையான அளவு பற்றி யாரும் அங்கே முறைப்பாடு செய்யலாம். மொன்றியல் தமிழ் வர்த்தகர்கள் தங்களிடம் இருக்கும் திருத்தக் கணக்குகளை ஒன்றாகத் திரட்டி, ஒரு பிரதியை அங்கேயும் மற்றொன்றை மாகாண நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் இந்தக் கோடைக்கு முன்னரே அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.